துணைவேந்தர் என்ன படித்தார்?

கோட்டைவாசல் பல்கலைக்கழகத்தின் மதில்சுவரில் பட்டமளிப்பு விழாவுக்காகக் கட்டியிருந்த பேனரில் துணைவேந்தரின் முகம் ஒரு மூலையில்தான் இருந்தது. மீதி இடம் முழுவதையும் அவர் பெயருக்குப் பின்னால் வந்த எழுத்துகள் எடுத்துக்கொண்டிருந்தன. பேனர் அடித்தவர் நுழைவாயிலோடு முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருக்க வேண்டும். எழுத்துகள் முடியவில்லை. சுவர் திரும்பிய இடத்தில் பேனரும் திரும்பி, இளநீர் வண்டியைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போய், அங்கே ஒரு வேப்பமரம் குறுக்கே நின்றதால் 'மற்றும் பல' என்று ஓய்ந்திருந்தது.

ஷேர் ஆட்டோவை நிறுத்த இடம் தேடிப் போன தனசேகரன், போகிற போக்கில் அத்தனையையும் எழுத்துக்கூட்டிப் பார்த்தார். சிங்கவரத்துக்கும் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் பல வருஷமாக வண்டி ஓட்டுகிறவர் அவர். ஏறி உட்கார்ந்தவர்களிடம் எந்த ஊர், என்ன வேலை, பிள்ளை என்ன படிக்கிறது என்று அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கேட்டு முடித்துவிடுவது அவர் பழக்கம். இந்த மனிதரிடம் மட்டும் வேப்பமரம் வரைக்கும் வந்தும் ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னாம்மா படிச்சிருக்காரு இந்த அய்யா?" என்று பின்சீட்டில் இருந்த மகளைக் கேட்டார்.

"தெரியல நைனா. நீ சீக்கிரம் வண்டிய ஓரங்கட்டு. அஞ்சு மணி, ஞாபகம் இருக்குதில்ல?" என்றாள் வெண்மதி.

ஞாபகம் இல்லாமல் என்ன? மூன்று நாளாக வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. எம்.எஸ்ஸி. கணக்கு முடித்த வெண்மதி அரசாங்கத் தேர்வு எழுதி, அதில் தேறி, வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. இன்று மாலை ஐந்து மணிக்குள் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் பட்டச் சான்றிதழைக் காட்டினால் வேலை அவளுக்கு. காட்டாவிட்டால் அவளுக்கு அடுத்து இருக்கிறவருக்கு. சான்றிதழோ இன்று காலை பத்து மணிக்கு ஆரம்பிக்கும் விழாவில்தான் கிடைக்கும். பத்துக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டுக்கு முடியும் என்று தனசேகரன் கணக்குப் போட்டிருந்தார். அவர் பார்த்த விழாக்கள் கல்யாணமும் காதுகுத்தும்தான். அங்கே சாப்பாடு ஆறிவிடும் என்கிற பயமாவது இருக்கும்.

விழாவுக்கு முன்பே கெஞ்சிப் பார்க்கலாம் என்று இருவரும் பதிவாளர் முனைவர் ஜெயசுதாவின் அறைக்குப் போனார்கள். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், முழுவதையும் கேட்டார். பிறகு முடியாது என்றார்.

"துணைவேந்தரோட வாழ்க்கைக் குறிப்ப முழுசா வாசிச்சு முடிக்காம ஒரு சர்டிபிகேட்டும் மேடைய விட்டு இறங்கக் கூடாதுங்க. அது விதி."

"இதுக்கின்னு ஒரு விதியா மேடம்?" என்றார் தனசேகரன்.

"நாலு வருஷத்துக்கு முன்னால ஒருத்தர் நேரமில்லன்னு நடுவுல ரெண்டு வருஷத்த விட்டுட்டு வாசிச்சிட்டாரு. என் வாழ்க்கையில ரெண்டு வருஷத்த அழிச்சிட்டான்னு துணைவேந்தர் விசாரணைக் குழு போட்டாரு. அந்தக் குழுவுக்கு மூணு பேரு தலைவரா இருந்தோம். எங்க மூணு பேரு குறிப்புலயும் ஒரு வரி ஏறுச்சு. வாசிச்சவரு இப்போ நெல் மண்டியில இருக்காரு." ஜெயசுதா விதிப் புத்தகத்தைப் பிரித்து விரலை வைத்தார். "குறிப்பு வாசிக்கும்போது அதுக்கு உரியவர் நாற்காலிய விட்டு எழுந்திருக்கக் கூடாது. முழுசா வாசிக்கணும். மேடையில வாசிச்சதெல்லாம் நடந்ததாவே கருதப்படும். மூணாவது வரிய நான்தான் சேர்த்தேன். அப்பதான் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"மேடம், ஒரு தற்காலிகச் சான்றிதழாவது குடுத்தீங்கன்னா..." என்றாள் வெண்மதி.

"தற்காலிகம்ங்கற வார்த்தையே துணைவேந்தருக்குப் பிடிக்காதும்மா. அதனால அத நிறுத்திட்டோம்."

"எங்களுக்கு எடுத்த வாத்தியாருங்க அத்தன பேரும் தற்காலிகம்தானே மேடம்?"

"அவங்க தற்காலிகம்தான். சர்டிபிகேட் விஷயத்துலதான் அவர் ரொம்பக் கண்டிப்பு."

தனசேகரனுக்கு இந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவருடைய வாய் சும்மா இருக்காது. "நீங்க இன்னா மேடம் படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டார்.

ஜெயசுதா பேனாவை மூடினார். அவரை யாரும் இப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருக்கும் போல. "நானா? விலங்கியல்ங்க. பூச்சியில ஆராய்ச்சி. அப்புறம் துறைத் தலைவர் ஆனேன், விடுதிக் காப்பாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், இப்போ பதிவாளர். நேத்து இந்த மேஜை மேல ஒரு பூச்சி வந்து உக்காந்துச்சு. எங்கயோ பார்த்த மாதிரி இருந்துச்சு, பேரு வரல. அட்டெண்டரக் கூப்ட்டு வெளிய போடச் சொன்னேன்."

விழா பத்து மணிக்குச் சரியாகத் தொடங்கியது. ராஜகிரி மலை பின்னால் தெரியும்படி மைதானத்தில் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். மேடை நடுவில் பட்டு விரித்த மேஜை, அதன் மேல் கையெழுத்தாகி முத்திரை விழுந்த சான்றிதழ்கள் கட்டுக்கட்டாக. வெண்மதி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து பத்து எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். சரவணபவனில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இனிப்பு இருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

துணைவேந்தர் முனைவர் இரத்தினசபாபதி நடுநாற்காலியில் அமர்ந்தார். பக்கத்தில் சிறப்பு விருந்தினர் முனைவர் தேவராஜ், கடற்கரைப் பக்கம் இருக்கும் இன்னொரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். மைக் முன்னால் சாந்திகுமார். மேல்சித்தாமூர்க்காரர், தமிழ்த் துறையில் கௌரவ விரிவுரையாளர். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய வேலை அது. நேர்முகத் தேர்வில் அவரிடம் இலக்கணமும் கேட்கவில்லை, இலக்கியமும் கேட்கவில்லை. மூச்சு விடாமல் எவ்வளவு நேரம் வாசிப்பீர்கள் என்று கேட்டார்கள். அன்றிலிருந்து வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பது அவர் பொறுப்பு. சமணக் குடும்பம், பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பிட மாட்டார். சென்ற வருஷ விழாவன்று அவர் பட்டினி. அதற்கு முந்தின வருஷமும் பட்டினி.

விருந்தினருக்கு மரியாதையாக முதலில் தேவராஜின் குறிப்பு. விருந்தினர் குறிப்பு துணைவேந்தர் குறிப்பைவிட ஒரு பக்கமாவது குறைவாக இருக்க வேண்டும் என்பது மரபு. தேவராஜ் மரபை மீறவில்லை. எழுத்தைப் பொடியாக அடித்துக்கொண்டு வந்திருந்தார். சாந்திகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து வாசித்ததில் பதினொன்றரை ஆகிவிட்டது. இரத்தினசபாபதியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

பிறகு அவருடைய குறிப்பு ஆரம்பித்தது. இந்தக் குறிப்புகளுக்கு ஒரு முறை உண்டு. அண்மைக்காலத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும்.

"இன்று காலை," என்று சாந்திகுமார் கணீரென்று தொடங்கினார், "மகிழுந்திலிருந்து இறங்கி, யாருடைய துணையுமின்றி இம்மேடையை வந்தடைந்தவர்."

கைதட்டல்.

"நேற்று, பல்கலைக்கழகக் குழுக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக அமைக்கப்பட்ட ஏழு குழுக்களுக்கும் தலைமையேற்றவர். சென்ற மாதம் மலேசியக் கருத்தரங்கில் முதல் வரிசையில் அமர்ந்தவர். அதற்கு முந்தைய மாதம் அதே கருத்தரங்குக்குச் செல்வது குறித்து ஆலோசித்தவர். ஒரே நேரத்தில் பதிவாளர் பொறுப்பையும் துணைவேந்தர் பொறுப்பையும் வகித்தபோது, பதிவாளராகத் தாம் எழுதிய கோரிக்கையைத் துணைவேந்தராகத் தாமே நிராகரித்த நேர்மையாளர்."

"அப்பா!" என்றார் தனசேகரன் தன்னையறியாமல். பக்கத்தில் இருந்த பெற்றோர் அதைப் பாராட்டு என்று நினைத்துத் தட்டினார்கள்.

இந்த நேரத்தில்தான் இரத்தினசபாபதி சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு எடுத்து எதையோ எழுதி அட்டெண்டரிடம் கொடுத்தனுப்பினார். சாந்திகுமார் வாங்கிப் பார்த்துவிட்டு அதையும் வாசித்தார்: "விடுபட்டது. ஏழாம் வகுப்பில் மண்டல அளவிலான சாக்கு ஓட்டத்தில் ஆறுதல் பரிசு."

தேவராஜ் சும்மா இருப்பாரா? அவரும் ஒரு சீட்டு அனுப்பினார். "சிறப்பு விருந்தினர் குறிப்பில் விடுபட்டது. சாக்கு ஓட்டத்தில் இரண்டாம் பரிசு."

அதற்குப் பிறகு சீட்டுகள் இங்கும் அங்கும் பறந்தன. துணைவேந்தர் ஒரு முன்னாள் அமைச்சரோடு ஒரே லிஃப்டில் மூன்று மாடி ஏறியிருந்தார். விருந்தினர் ஒரு இந்நாள் அமைச்சரோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தார். துணைவேந்தரின் ஆய்வுக் கட்டுரையை ஜெர்மனியில் ஒருவர் மேற்கோள் காட்டினார். விருந்தினரின் கட்டுரையை ஜெர்மனியில் ஒருவர் மறுத்தே கட்டுரை எழுதினார், அது இன்னும் பெருமை அல்லவா? சாந்திகுமார் இரண்டு வாழ்க்கைகளுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ப்போய் வந்தார்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. குறிப்புக்கு உரியவர் எழுந்திருக்கக் கூடாது என்பதால் மேடையிலேயே இலை போட்டார்கள். வாசிப்பு நிற்கவில்லை. துணைவேந்தர் சாம்பாரில் இருந்தபோது வாழ்க்கை அவருடைய புலமுதன்மையர் காலத்தில் இருந்தது. ரசத்துக்கு வந்தபோது தேர்வுத்துறைக்கு வந்தது. மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்தார்கள். வாசித்துக்கொண்டிருந்த சாந்திகுமாருக்கு அதுவும் இல்லை.

அங்கி போட்ட பிள்ளைகள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தார்கள். வெண்மதி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். பார்த்தால் அழுகை வந்தது. மகள் கண் கலங்குவதைப் பார்த்ததும் தனசேகரனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, ஆட்டோ ஸ்டாண்டில் கூப்பிடுகிற குரலில் கேட்டார்:

"அய்யா! நீங்க இன்னாதான் படிச்சீங்க, அத மட்டும் சொல்லிட்டு சர்டிபிகேட்ட குடுத்துடுங்கய்யா!"

பந்தலே அவர் பக்கம் திரும்பியது. ஜெயசுதா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஆனால் இரத்தினசபாபதி கோபப்படவில்லை. ரசம் பிசைந்த கையோடு மைக்கை அருகே இழுக்கச் சொல்லி, உட்கார்ந்தபடியே பேசினார்.

"நல்ல கேள்வி. ஒரு தந்தையின் உள்ளத்திலிருந்து வந்த கேள்வி. அன்புள்ள மாணவச் செல்வங்களே, பின்னால் தெரிகிறதே இந்தக் கோட்டை, இதை எத்தனையோ மன்னர்கள் ஆண்டார்கள். அவர்களில் ஒருவர்கூட முனைவர் பட்டம் பெற்றவர் அல்லர். அதனால்தான் கோட்டை இன்று காலியாக இருக்கிறது. நான் என்ன படித்தேன் என்று கேட்கிறார். நான் எந்த ஒரு பாடத்தையும் ஆழமாகப் படித்தவன் அல்லன். ஆழமாகப் படித்தவன் அந்தப் பாடத்தின் பக்கம் சாய்ந்துவிடுவான். நான் எல்லாப் பாடங்களிலிருந்தும் சம தூரத்தில் நிற்கிறேன். வகுப்பறைக்குள் போய் முப்பது வருடம் ஆகிறது. ஏன்? போனால் அந்த ஒரு வகுப்புக்கு மட்டும்தான் நான் சொந்தமாவேன். போகாததால் எல்லா வகுப்புகளுக்கும் சொந்தமாக இருக்கிறேன். நண்பர் தேவராஜும் அப்படித்தான்."

"நான் முப்பத்திரண்டு வருடம்," என்று தேவராஜ் திருத்தினார்.

"என் படிப்பு என்னவென்று என் வாழ்க்கைக் குறிப்பின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள். வரும்," என்று சொல்லி இரத்தினசபாபதி மோருக்குத் திரும்பினார். பலத்த கைதட்டல்.

இரண்டரை மணிக்கு, ஒலிபெருக்கி சூடாகிவிட்டது என்று ஐந்து நிமிஷம் நிறுத்தினார்கள். வாசித்தவருக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சாந்திகுமார் மேடைக்குப் பின்னால் வந்து படுதாவின் நிழலில் உட்கார்ந்தார். தனசேகரனும் வெண்மதியும் அங்கே ஓடினார்கள். தனசேகரன் தன் தண்ணீர்ப் பாக்கெட்டை நீட்டினார்.

"குடிங்க சார். படிப்பு வர இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?"

சாந்திகுமார் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "படிப்பாண்ணா? மூணு வருஷமா நான்தான் வாசிக்கறேன். படிப்பு வரைக்கும் ஒரு தடவகூடப் போனதில்ல. போன வருஷம் இருட்டற நேரத்துக்குப் பிஎச்.டி. கைடோட பேரு வந்துச்சு. அதோட மழை வந்துடுச்சு."

"அப்போ சர்டிபிகேட் எப்டி குடுத்தாங்க?"

"மழை நின்னதும் தொடர்ந்து வாசிச்சதா வச்சுக்கினு மறுநாள் குடுத்தாங்க."

"மறுநாளா!" தனசேகரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சார், அஞ்சு மணிக்குள்ள விழுப்புரத்துல இருக்கணும் சார் எம்பொண்ணு. வேலையே போயிடும். நீங்க நாலு பக்கத்த சேத்துத் திருப்பிடுங்களேன்."

"திருப்பினா நானும் நெல் மண்டிதாண்ணா. எனக்கு மார்ச்சோட ஒப்பந்தம் முடியுது. ஒண்ணுத்தையும் விட்டுட முடியாது. வர்ற சீட்ட வேணா சேத்து வாசிப்பேன், குறைக்கற அதிகாரம் எனக்கு இல்ல." சொல்லிவிட்டு அவர் சூரியனைப் பார்த்தார். "எனக்குந்தான் பசிக்குது."

வெண்மதி நிமிர்ந்தாள். "சார், சீட்டு யாருகிட்டேர்ந்து வருதுன்னு பாப்பீங்களா?"

"அட்டெண்டர் கையில குடுப்பாரு, வாசிப்பேன். யார் எழுதினாங்கன்னு ஆராயறதுக்கு நான் யாரு?"

"வாசிச்சதெல்லாம் நடந்ததாவே கருதப்படும்னு விதி இருக்குது சார். பதிவாளர் மேடம் காலையில காட்டினாங்க."

சாந்திகுமார் அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்தார். "நான் ஒண்ணும் கேக்கல. மைக் ஆறியிருக்கும், போறேன்," என்றார். போகும்போது தன் பேனாவை அங்கேயே மறந்துவிட்டுப் போனார்.

வெண்மதி அழைப்பிதழின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதினாள். அவள் பரீட்சையில்கூட இவ்வளவு பயந்தவள் இல்லை. அதைத் தனசேகரன் வாங்கி, ஆட்டோவில் சில்லறை கொடுக்கிற சாதாரண முகத்தோடு அட்டெண்டரிடம் கொடுத்தார். அட்டெண்டர் காலையிலிருந்து சீட்டு சுமந்து கால் ஓய்ந்திருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சாந்திகுமார் சீட்டைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார். காலையில் இருந்ததைவிடக் குரல் இப்போது ஓங்கி ஒலித்தது.

"துணைவேந்தர் அவர்களின் குறிப்பில் புதிய சேர்க்கை. இன்று பிற்பகல், தம் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்தச் சொல்லி எழுந்து நின்று, சிங்கவரத்தைச் சேர்ந்த மாணவி வெண்மதிக்கு, அவர் வேலைக்குச் செல்ல வேண்டிய நேரத்துக்குள் தம் கையாலேயே பட்டம் வழங்கியவர். இந்தியத் துணைவேந்தர்கள் எவரும் இதுவரை செய்யாத செயல்!"

யாரோ தட்டினார்கள். பிறகு மாணவர்கள் எல்லோரும் தட்டினார்கள். தட்டிக்கொண்டே எழுந்து நின்றார்கள்.

இரத்தினசபாபதி குழம்பிப்போய் ஜெயசுதாவைப் பார்த்தார். "இது எப்போது நடந்தது?"

ஜெயசுதா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் வெளுத்தது. "நடந்ததாகக் கருதப்படுதுங்க சார்."

"ஆனால் நடக்கவில்லையே?"

"நடக்கலன்னு நாமளே சொல்ல முடியாது சார். ஒரு வரி நடக்கலன்னு சொன்னா, மத்த வரியும் நடந்துச்சான்னு கேப்பாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "மூணு பேரு குறிப்புலயும் கேப்பாங்க."

இரத்தினசபாபதி ஒரு கணம் யோசித்தார். இந்தியத் துணைவேந்தர்கள் எவரும் இதுவரை செய்யாத செயல் என்ற வரி அவருக்குள் மெதுவாக இறங்கியது. பக்கத்தில் தேவராஜின் முகம் கறுத்திருந்ததையும் கவனித்தார். அது போதும். "ஆமாம், நினைவுக்கு வருகிறது. நான்தான் செய்தேன்," என்று எழுந்தார். கால் மரத்துப்போயிருந்ததால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

வெண்மதி மேடைக்கு ஓடினாள். ஜெயசுதா கட்டிலிருந்து அவளுடைய சான்றிதழை உருவி எடுத்தார். துணைவேந்தர் அதை நீட்டிய நேரத்தில் இன்னொரு கை வந்து மறுமுனையைப் பிடித்தது.

"விருந்தினர் முன்னிலையில் என்றாவது இருக்க வேண்டாமா?" என்றார் தேவராஜ். "சேர்ந்து கொடுப்போம்."

"எவரும் செய்யாதது என்றால் ஒருவர்தான் செய்ய முடியும்," என்றார் இரத்தினசபாபதி.

"முப்பத்திரண்டு வருட அனுபவம் எனக்கு!"

"விடுங்கள் முனைவரே!"

"நீங்கள் விடுங்கள் முனைவரே!"

"சார், கிழிஞ்சிடப் போவுது சார்!" என்று வெண்மதி கத்தினாள். அவள் கையும் நடுவில் இருந்தது. கீழேயிருந்து தனசேகரன் செருப்போடு மேடையில் ஏறிவிட்டார். ஜெயசுதாதான் காப்பாற்றினார். மேஜையில் கிடந்த நீல நிற ஃபைல் அட்டையை எடுத்துத் தேவராஜின் கையில் திணித்து, "சார், சான்றிதழின் உறையை வழங்கிய ஒரே வெளிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்னு உங்க குறிப்புல போட்டுக்கலாம்," என்றார். தேவராஜின் பிடி தளர்ந்தது. அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொள்ள உட்கார்ந்துவிட்டார்.

சான்றிதழ் வெண்மதியின் கைக்கு வந்தது. போட்டோக்காரர் இன்னொரு முறை என்றார். அவள் நிற்கவில்லை. கீழே இறங்கும்போது முன்வரிசையில் இருந்த தோழி ஜினிஷா அவள் கையைப் பிடித்து, "எங்க கதி இன்னாடீ?" என்றாள்.

வெண்மதிக்குச் சுருக்கென்றது. நூற்றுக்கணக்கான பேர் வெயிலில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தான் மட்டும் ஓடுகிறோம். "அழைப்பிதழோட பின்பக்கம் காலியாத்தான் இருக்குது," என்றாள். "நீ எதுல முதல்னு யோசிச்சு எழுது." பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

ஆட்டோ மதில்சுவரைத் தாண்டும்போதே ஒலிபெருக்கியில் சாந்திகுமாரின் குரல் பின்னால் வந்தது. "புதிய சேர்க்கை. மேல்சித்தாமூரிலிருந்து வந்து வரிசையில் நான்காவதாக அமர்ந்த மாணவிக்குப் பட்டம் வழங்கிய முதல் துணைவேந்தர்!... புதிய சேர்க்கை. செருப்பு அறுந்த மாணவருக்கு..." கைதட்டல் வல்லம் சாலை வரைக்கும் கேட்டது. தனசேகரன் வண்டியை அவ்வளவு வேகமாக ஓட்டி வெண்மதி பார்த்ததில்லை.

விழுப்புரத்தில் நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சரிபார்க்கும் அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சான்றிதழை மேலும் கீழும் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"பேராசிரியர், முனைவர், முன்னாள் இயக்குநர், முன்னாள் புலமுதன்மையர், எஃப்.ஐ., எஃப்.ஐ.ஐ.... இது யாரோட சர்டிபிகேட்டும்மா? இதுல உம்பேரு எங்க இருக்குது?"

"கீழே சார். முத்திரைக்குப் பக்கத்துல. சின்னதா."

அதிகாரி குனிந்து பார்த்து, கண்டுபிடித்து, சிரித்துவிட்டார். பிறகு முத்திரை குத்தினார். வெளியே வந்ததும் தனசேகரன் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று வெண்மதி கேட்கவில்லை. அவளும்தான் அழுதுகொண்டிருந்தாள்.

பொழுது சாயும் முன்னால் சாந்திகுமாருக்குப் போன் போட்டாள். எடுத்தவர் வாயில் சோறு இருந்தது தெரிந்தது.

"நாலரைக்கே எல்லாருக்கும் குடுத்து முடிச்சிட்டாரும்மா. மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் விழா அன்னிக்கு சாப்பிடறேன். நல்லா இரு. துணைவேந்தருக்கும் ரொம்ப சந்தோஷம். குறிப்பு இப்போ ரெண்டு மடங்கு ஆயிடுச்சு."

"படிப்பு வந்துச்சா சார்?"

"படிப்பா? இனி நான் ரிடையர் ஆனாலும் வராது."

மறுநாள் காலை சிங்கவரத்தில் வண்டி ஏறிய ஒரு வல்லத்துக்காரர், தனசேகரன் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்து என்ன விசேஷம் என்று விசாரித்தார். மகளுக்கு கவர்ன்மெண்ட் வேலை கிடைத்திருப்பதைத் தனசேகரன் சொன்னார்.

"அடடே! இன்னா படிச்சிருக்குது பொண்ணு?"

"கணக்கு," என்றார் தனசேகரன். "எம்.எஸ்ஸி."

அடுத்த நிறுத்தம் வர இன்னும் நேரம் இருந்தது. வல்லத்துக்காரர் மேலே ஏதாவது வரும் என்று காத்திருந்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க," என்று சொல்லிவிட்டுத் தனசேகரன் கியரை மாற்றினார்.